சலிவன் நெறிமுறைகள்: ஓர் இறையியல் திறனாய்வு

பிற நாட்டு அரசொன்று தன் குடிமக்களை ஒடுக்கும்போது, அந்நாட்டோடு வணிகம் செய்வோர் அவ்வணிகத்தையே நெருக்குதலாக்கி அவ்வரசைத் திருத்த முயலலாமா என்னும் வினா நம் இறையியல் வகுப்புகளில் மீண்டும் மீண்டும் எழுகின்ற ஒன்று. எழும்போதெல்லாம் விவாதம் இரண்டு கூற்றுகளில் முடங்கிவிடுகிறது. அநீதியோடு கொடுக்கல் வாங்கல் கூடாது என்பது ஒன்று. வணிகத்தை நிறுத்தினால் ஏழையே பட்டினி கிடப்பான் என்பது மற்றொன்று. இரண்டும் உண்மையே. ஆயினும் ஒன்றை எடுத்து மற்றொன்றின்மேல் எறிவதால் வகுப்பு மணி அடிக்கும்வரை பொழுது போகுமேயன்றித் தெளிவு பிறப்பதில்லை. எனவே பொதுப்பட வாதிடுவதை விடுத்து, இப்பொருள் பற்றி எழுதப்பட்ட ஆவணம் ஒன்றை எடுத்துக்கொண்டு, திருமறைப் பகுதியை ஆராய்வதுபோல் அதனைச் சொல் சொல்லாக ஆராய்வது நலமெனக் கருதுகிறோம்.

நாம் எடுத்துக்கொள்வது 1977ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வெளியிடப்பட்ட 'சலிவன் நெறிமுறைகள்'. தென்னாப்பிரிக்காவில் தொழில் நடத்திய அமெரிக்க நிறுவனங்கள் அங்குக் கைக்கொள்ள வேண்டிய ஆறு விதிகள் அடங்கிய ஒரு பக்க ஆவணம் அது. அதனை எழுதியவர் பொருளியல் அறிஞரோ வழக்குரைஞரோ அல்லர். ஒரு சபைப் போதகர். நம்மைப் போன்ற ஊழியர் ஒருவர் வணிகத்தைப் பற்றி எழுதியது என்பதாலும், அதன்பின் உலகெங்கும் நிறுவனங்கள் அச்சிட்டு வெளியிட்ட நன்னடத்தை விதிகள் பலவற்றுக்கு அது முன்னோடியாய் இருந்தது என்பதாலும், அது இறையியலாரின் திறனாய்வுக்கு உரியதாகிறது.

லியோன் சலிவன் 1922இல் மேற்கு வர்ஜீனியாவில் சார்ல்ஸ்டன் நகரின் வறிய கறுப்பினக் குடும்பமொன்றில் பிறந்தவர். 1950 முதல் பிலடெல்பியாவில் சீயோன் பாப்திஸ்து சபையின் போதகராய் இருந்தார். 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்நகரில் அவர் முன்நின்று நடத்திய இயக்கம் ஒன்றை இங்குக் கூறாமல் மேற்செல்ல இயலாது. கறுப்பின மக்கள் நாள்தோறும் வாங்கிய ரொட்டி, பணியாரம், எரிபொருள் முதலியவற்றை விற்ற நிறுவனங்கள் அம்மக்களுக்கு நல்ல வேலை தர மறுத்தன. அப்போது ஏறத்தாழ 400 கறுப்பினப் போதகர்கள் ஒன்றுகூடி, வேலை தராத நிறுவனத்தின் பொருளை வாங்காதிருக்குமாறு ஞாயிறு ஆராதனையிலேயே தத்தம் சபையாரிடம் கூறினர். ஒரு சமயத்தில் ஒரு நிறுவனம் மட்டுமே குறிக்கப்படும். அது இணங்கியபின் அடுத்தது. முதலில் குறிக்கப்பட்டது நகரின் புகழ்பெற்ற பணியார நிறுவனம் ஒன்று. சில மாதங்களில் அது பணிந்தது. செய்தித்தாள்கள் அவ்வியக்கத்தை நெடுநாள் கண்டுகொள்ளவில்லை. பிரசங்க பீடமே அதன் செய்தித்தாளாயிற்று. வணிக நெருக்குதல் என்பதைச் சலிவன் நூல்களில் கற்கவில்லை. தம் சபையின் அம்மைமார் காசைக் கையில் வைத்துக்கொண்டு கடையைக் கடந்து சென்றதில் கற்றார்.

1971இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் அவரைத் தன் இயக்குநருள் ஒருவராக்கியது. அந்நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் இடம்பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே. அழகுக்கு அமர்த்தினார்கள் என்று எண்ணியவர்களுக்கு அவர் அவ்வாண்டின் பங்குதாரர் கூட்டத்திலேயே விடையளித்தார். ஜெனரல் மோட்டார்ஸ் தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேற வேண்டுமென எபிஸ்கோப்பல் திருச்சபை கொணர்ந்த தீர்மானத்தை, நிர்வாகத்துக்கு எதிராக எழுந்து நின்று ஆதரித்துப் பேசினார். தீர்மானத்துக்குக் கிடைத்த வாக்குகள் நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு.

அவ்வாறு வெளியேறச் சொன்னவர்தாம் ஆறு ஆண்டுகளுக்குப்பின் அங்கேயே இருந்து நன்னடத்தை காட்டுவதற்கான விதிகளை எழுதினார். இடையில் 1976 ஜூன் 16இல் சொவேட்டோவில் பள்ளிச் சிறாரின் எழுச்சி குண்டுகளால் எதிர்கொள்ளப்பட்டது. அமெரிக்க நிறுவனங்கள் வெளியேற மறுத்தன. எதுவும் செய்யாதிருக்கவும் கூசின. அந்த இடைவெளியில்தான் இவ்வாவணம் பிறந்தது. முதலில் கையொப்பமிட்டவை 12 நிறுவனங்கள். ஜெனரல் மோட்டார்ஸ், போர்டு, ஐ.பி.எம்., மொபில், சிட்டிகார்ப் ஆகியவற்றோடு யூனியன் கார்பைடும் அவற்றுள் ஒன்று. 1984இல் போபாலில் நிகழ்ந்ததை அறிந்த இந்திய வாசகர் இப்பெயரைக் கண்டதும் சற்று நின்று செல்வர். நற்சான்றிதழில் கையொப்பமிடுவது எத்துணை எளிது என்பதற்கு வேறு உரை வேண்டியதில்லை.

இனி ஆவணத்துக்கு வருவோம். உணவறை, ஓய்வறை, வேலையிடம் ஆகியவற்றில் இனப்பிரிவினை கூடாது என்பது முதல் விதி. எல்லா ஊழியருக்கும் சமமான, நியாயமான பணியமர்த்தல் முறை என்பது இரண்டாவது. சம வேலைக்குச் சம ஊதியம் என்பது மூன்றாவது. கறுப்பினத்தவரையும் வெள்ளையரல்லாத பிறரையும் மேற்பார்வை, நிர்வாகம், எழுத்துப் பணி, தொழில்நுட்பப் பணி ஆகியவற்றுக்குப் பெருமளவில் ஆயத்தப்படுத்தும் பயிற்சி நான்காவது. அவர்களை அப்பொறுப்புகளில் மிகுதியாக்குதல் ஐந்தாவது. வேலையிடத்துக்கு வெளியே வீடு, போக்குவரத்து, கல்வி, பொழுதுபோக்கு, உடல்நலம் ஆகியவற்றில் ஊழியர் வாழ்வை உயர்த்துதல் ஆறாவது. இவ்விதிகளைச் செயற்படுத்தத் தென்னாப்பிரிக்காவின் நடைமுறைகள் தடையாயிருப்பின், தக்க வழிகளில் மாற்றம் கோருவோம் என்ற உறுதிமொழி ஒன்றும் உண்டு.

இவற்றுள் தீயது எதுவும் இல்லை. அக்காலத் தென்னாப்பிரிக்காவில் ஒரு கறுப்பினத் தொழிலாளி வெள்ளையர் அமரும் மேசையில் தட்டை வைத்து உண்பது சிறு செய்தியன்று. ஒரே பந்தியில் அமர்வது பற்றி நம் நாட்டுச் சபைகளின் வரலாறு தெரிந்தவர் எவரும் அதனை எளிதாய் ஒதுக்கமாட்டார். ஆயின் ஆவணத்தின் குறை அது கூறும் பொருளில் இல்லை; அதன் இலக்கணத்தில் உள்ளது. ஆறு விதிகளிலும் எழுவாய் யார்? நிறுவனமே. பிரிவினையை நீக்குவது நிறுவனம். ஊதியம் தருவது நிறுவனம். பயிற்றுவிப்பதும் உயர்த்துவதும் வீடு கட்டித் தருவதும் நிறுவனம். கறுப்பினத் தொழிலாளி ஆறு விதிகளிலும் செயப்படுபொருளாகவே நிற்கிறார். அவர் செய்வது என்று ஒரு வினைச்சொல்லும் அங்கு இல்லை. தொழிற்சங்கம் அமைக்கும் உரிமைகூட முதல் வடிவில் பெயர் சொல்லிக் கூறப்படவில்லை. பின்னர் எழுதப்பட்ட விளக்கங்களிலேதான் அது இடம்பெற்றது. பிலடெல்பியாவில் வாங்குபவரும் மறுப்பவரும் வெல்பவரும் கறுப்பின மக்களாய் இருந்தனர். அதே போதகர் எழுதிய ஆவணத்தில் அவர்கள் பெறுபவராய்ச் சுருங்கிவிட்டனர்.

புதிய ஏற்பாட்டில் இதனோடு ஒப்பிடத்தக்க பகுதி எபேசியர் ஆறாம் அதிகாரத்திலும் கொலோசெயர் மூன்று, நான்காம் அதிகாரங்களிலும் உள்ள குடும்ப ஒழுங்குமுறை. அங்கும் அடிமை முறை என்னும் அமைப்பு கேள்விக்கு உட்படுத்தப்படவில்லை. வீட்டுக்குள் நடத்தையே ஒழுங்குபடுத்தப்படுகிறது. அதனால் அப்பகுதி நெடுங்காலம் அடிமைச் சொந்தக்காரரின் கையில் ஆயுதமாய் இருந்தது. நம் பழைய மொழிபெயர்ப்பு அடிமையை 'வேலைக்காரர்' ஆக்கி அதன் முனையை மேலும் மழுக்கிற்று. எனினும் அப்பகுதியில் இரண்டு செய்திகள் உள்ளன. முதலாவது, அடிமைகளிடமே நேராகப் பேசப்படுகிறது. அக்காலத்தில் வீட்டை ஆளும் முறை பற்றிப் பேசிய நூல்கள் பெரும்பாலும் தலைவனையே நோக்கிப் பேசின. அப்போஸ்தல நிருபமோ அடிமையையும் முன்னிலைப்படுத்தி, பொறுப்புள்ள ஆளாக விளிக்கிறது. இரண்டாவது, எஜமானனுக்கு மேலே இருவருக்கும் பொதுவான எஜமான் ஒருவர் உண்டு என்றும், அவரிடம் பட்சபாதம் இல்லை என்றும் கூறிக் கணக்குக் கேட்கும் நாளை அது நினைவூட்டுகிறது. 1977ஆம் ஆண்டு ஆவணத்தில் இவ்விரண்டும் இல்லை. தொழிலாளியிடம் அது பேசவில்லை. நிறுவனத்துக்குக் கணக்கு நாள் எதையும் அது குறிக்கவில்லை. நிருபத்தை வாழ்நாளெல்லாம் பிரசங்கித்த ஒருவர் அதிலிருந்து ஒழுங்குகளை எடுத்துக்கொண்டு நியாயத்தீர்ப்பை மட்டும் விட்டுவிட்டது வியப்பன்றோ? கையொப்பமிட வேண்டியவர்கள் எதிரே அமர்ந்திருக்க எழுதப்பட்ட ஆவணங்களுக்குப் பொதுவாய் நேர்வது இது.

மேலும், விதிகள் தொழிற்சாலை வாயிலோடு நின்றன. அநீதியோ வாயிலுக்கு வெளியே சட்டமாய் நின்றது. மனிதனை இனவாரியாகப் பதிவுசெய்யும் சட்டமும், எவ்வினத்தார் எப்பகுதியில் வாழலாம் என வரையறுக்கும் சட்டமும் 1950இல் இயற்றப்பட்டவை. கறுப்பினத்தவர் எப்போதும் கையில் அனுமதிப் புத்தகம் வைத்திருக்க வேண்டும் என்ற சட்டம் 1952இல் வந்தது. தாழ்ந்த வேலைக்கே அவர்களை ஆயத்தப்படுத்தும் கல்விச் சட்டம் 1953இல் வந்தது. சம ஊதியம் பெற்ற தொழிலாளி மாலையில் ஆலையை விட்டு வெளியேறியதும் அனுமதிப் புத்தகத்தைக் காட்டிவிட்டுத் தனக்கென ஒதுக்கப்பட்ட குடியிருப்புக்கே திரும்பினார். வாக்குரிமை அவருக்கு இல்லை. நிறுவனமோ அரசுக்கு வரி செலுத்தியது. எண்ணெயும் ஊர்தியும் கணினியும் விற்றது. 1980இல் இயற்றப்பட்ட முக்கிய இடங்கள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், அரசு குறிப்பிடும் ஆலைகளை அரசின் விருப்பப்படி காவல் செய்யும் கடமையும் நிறுவனங்கள்மேல் ஏற்றப்பட்டது. அமெரிக்க நிறுவனங்கள் அனைத்திலும் வேலை செய்தோரை ஒன்றுசேர்த்தாலும் அந்நாட்டுத் தொழிலாளரில் நூற்றுக்கு ஒருவர் ஆகார். ஆறு விதிகளும் முழுமையாக நிறைவேறினாலும் மற்றத் தொண்ணூற்றொன்பது பேருக்கு அவை எட்டுவதில்லை.

அரசுக்கு இதனால் நெருக்குதல் உண்டாயிற்றா? உண்டாகவில்லை என்றே கூறவேண்டும். நெருக்குதல் உண்டானது வேறு திசையில். ஆர்தர் டி. லிட்டில் என்னும் ஆலோசனை நிறுவனம் ஆண்டுதோறும் கையொப்பமிட்டோரை மதிப்பிட்டு, நன்கு முன்னேறுவோர், முன்னேறுவோர், இன்னும் முயல வேண்டியோர் எனத் தரம் பிரித்து அறிக்கை வெளியிட்டது. தம் மூலதனத்தைப் பங்குகளில் இட்டிருந்த பல்கலைக்கழகங்களும் சபை நிதிகளும் அவ்வறிக்கையை ஆவலோடு எதிர்நோக்கின. நல்ல தரம் பெற்ற நிறுவனத்தின் பங்கை வைத்திருக்கலாம், மற்றதை விற்கலாம் என்று தீர்மானித்தன. தென்னாப்பிரிக்க அரசின் மனச்சான்றை உறுத்த வேண்டிய ஆவணம் பங்குதாரரின் மனச்சான்றை உறங்கவைத்தது. ஓய்வூதிய நிதியை எங்கே இட்டிருக்கிறோம் என்று அறியாமலே ஆமோசைப் பிரசங்கிக்கும் நமக்கும் இதில் கேட்க வேண்டிய கேள்வி உண்டு.

வேறுவகையாய்ப் பேசியவர்கள் முன்னரே இருந்தனர். ஆல்பர்ட் லுத்தூலி என்னும் பெயரை நம் வாசகர் மறந்திருக்கலாம். 1938 டிசம்பரில் சென்னையை அடுத்த தாம்பரத்தில் கூடிய பன்னாட்டு மிஷனெரி மாநாட்டுக்குத் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த பிரதிநிதிகளுள் அவர் ஒருவர். கொங்கிரிகேஷனல் சபையின் பிரசங்கியார். பின்னாளில் ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரசின் தலைவர். 1960ஆம் ஆண்டுக்கான நோபல் அமைதிப் பரிசு பெற்றவர். தாம்பரம் என்றதும் கிரேமரையும் அவர் நூலையும் மட்டும் தேர்வுக்காக நினைவிற்கொள்ளும் மாணவர்கள், அவ்வளாகத்தில் இம்மனிதரும் நடந்தார் என்பதையும் சேர்த்து நினைப்பது நன்று. 1959 முதல் அவரும் அவர் இயக்கத்தாரும், தங்கள் நாட்டுப் பொருள்களை வாங்காதீர்கள் என்று வெளியுலகிடம் வேண்டினர். தென்னாப்பிரிக்க இந்தியக் காங்கிரசின் தலைவர் டாக்டர் நாயக்கரும் லுத்தூலியோடு சேர்ந்து பிரித்தானிய மக்களுக்கு இவ்வேண்டுகோளை விடுத்தார். இதனால் தம் மக்களுக்குத் துன்பம் வரும் என்பதை லுத்தூலி மறைக்கவில்லை. துன்பம் ஏற்கெனவே நாள்தோறும் உள்ளது. அதன் காலத்தைக் குறுக்குவதற்கான துன்பத்தை ஏற்போம் என்பதே அவர் நிலை.

ஏழை துன்புறுவான் என்ற வாதத்துக்கு இங்குதான் விடை தொடங்குகிறது. அவ்வாதம் பொய்யன்று. ஆனால் அதனை யார் சொல்கிறார் என்று கேட்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் அதனை உரத்துச் சொன்னவர்கள் ஏழையின் ஊதியத்தால் வாழ்ந்தவர்கள். ஏழையோ வாய் திறக்க இயலாதிருந்தார். பொருளாதாரத் தடையை ஆதரித்துப் பேசுவதே அந்நாட்டுப் பாதுகாப்புச் சட்டங்களின்கீழ்க் குற்றமாகக் கருதப்படலாம் என்ற நிலை. 1979இல் டெஸ்மண்ட் டூட்டு டென்மார்க்குத் தொலைக்காட்சியில், தென்னாப்பிரிக்க நிலக்கரியை டேனியர் வாங்குவது குறித்துத் தம் வருத்தத்தை வெளியிட்டார். நாடு திரும்பியதும் அமைச்சர்கள் அவரை அழைத்துக் கடிந்தனர். 1980இல் அவருடைய கடவுச்சீட்டு பறிக்கப்பட்டது. பேசினால் தண்டனை என்று சட்டம் இயற்றிவிட்டு, அம்மக்கள் தடையைக் கேட்கவில்லையே என்று வாதிடுவது எவ்வகை நேர்மை? உலகத் திருச்சபைகளின் மாமன்றம் 1972இல் உட்ரெக்ட் நகரில் கூடித் தென்னாப்பிரிக்காவில் முதலீடு செய்த நிறுவனங்களிலிருந்து தன் பணத்தை மீட்கத் தீர்மானித்தபோது, மேலைநாட்டுச் சபைகள் சில முணுமுணுத்தன. மாமன்றத்தின் பணம் சிறிது. அதனால் எந்நிறுவனமும் நடுங்கவில்லை. ஆயினும் வாய் கட்டப்பட்டவர்களின் குரலுக்குச் செவிகொடுத்தோர் இருந்தனர் என்பதற்கு அது சாட்சி. சலிவனின் விதிகள் ஐந்தாண்டுகளுக்குப் பின்பே வந்தன.

இத்துடன் நிறுத்தினால் நாம் சலிவனுக்கு அநீதி இழைத்தவராவோம். இவ்வாவணத்தைத் தாக்கியவர்கள் பலர் அதன் பிற்பகுதியை வாசிக்காமலே தாக்கினர். பிற்பகுதி தாளில் இல்லை. அதன் ஆசிரியரின் செயலில் இருக்கிறது. 1984இல் அவர் விதிகளை விரித்து, இன ஒதுக்கல் சட்டங்களையே நீக்க உழைப்பது கையொப்பமிட்டோர் கடமை என்று சேர்த்தார். 1985 மே மாதத்தில், சட்டவழி இன ஒதுக்கல் இரண்டு ஆண்டுகளில் ஒழிந்து கறுப்பினத்தவர்க்கு வாக்குரிமை கிடைக்காவிடின், நிறுவனங்கள் யாவும் வெளியேறுமாறு கோருவேன் என்று அறிவித்தார். அப்போதுதான் ஆவணம் கணக்கு நாளைப் பெற்றது. 1987 ஜூன் 3ஆம் நாள், தாம் எதிர்பார்த்தது நடக்கவில்லை என்று வெளிப்படையாய்க் கூறி, ஒன்பது மாதங்களுக்குள் வெளியேறுமாறு அமெரிக்க நிறுவனங்களைக் கேட்டார். அந்நாட்டோடு வணிகத்தையும் தூதுறவையும் துண்டிக்குமாறு தம் அரசையும் கேட்டார். தம் பெயர் தாங்கி, தமக்கு உலகப் புகழ் தந்த ஏற்பாட்டைத் தாமே போதாதென அறிவித்த போதகரை நாம் மதிக்கிறோம். அத்தகைய துணிவு திருச்சபைக் குழுக்களில் அரிதாகவே காணப்படுகிறது.

கெடு வைப்பது எளிது, கெடு வந்தபின் சொன்னதைச் செய்வது அரிது என்பதற்குச் சில ஆண்டுகளுக்குப்பின் வேறொரு சான்று கிடைத்தது. தியனன்மென் சதுக்கப் படுகொலைக்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1993 மே 28இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கிளின்டன், சீனாவுக்கு அளிக்கப்பட்டு வந்த சாதகமான இறக்குமதி வரி நிலை அடுத்த ஆண்டு புதுப்பிக்கப்பட வேண்டுமாயின் மனித உரிமைத் துறையில் முன்னேற்றம் வேண்டும் என ஆணையிட்டார். 1994 மே 26இல் கெடு வந்தது. போதிய முன்னேற்றம் இல்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டுவிட்டு வரிச் சலுகையையும் புதுப்பித்தார். இனி இரண்டையும் இணைப்பதில்லை என்றும் அறிவித்தார். பெய்ஜிங் அரசு காத்திருந்தது. அமெரிக்க வணிகர்கள் தங்கள் அரசையே நெருக்கினர். நெருக்குதல் என்னும் கயிற்றுக்கு இரண்டு முனைகள் உண்டு என்பதையும், வணிகத்தை இழக்க மனமில்லாதவன் கையில் அது எதிர்ப்பக்கமாகவே இழுபடும் என்பதையும் அவ்வோராண்டு காட்டிற்று.

தென்னாப்பிரிக்காவில் தடைகளால்தாம் விடுதலை வந்தது என்று நாம் கூறத் துணியோம். ஆலைகளிலும் பள்ளிகளிலும் குடியிருப்புகளிலும் உயிர்கொடுத்துப் போராடிய மக்களே முதற்காரணர். பனிப்போர் முடிந்ததும் ஒரு காரணம். வெளி நெருக்குதல்களுள்ளும் சலிவனின் விதிகளைவிட, 1985இல் அமெரிக்க வங்கியொன்று கடனைப் புதுப்பிக்க மறுக்க, பிற வங்கிகளும் தொடர்ந்து, ரான்ட் நாணயம் வீழ்ந்து, அவ்வரசு கடன் தவணைகளை நிறுத்தி வைக்க நேர்ந்ததே ஆட்சியாளரைக் கூடுதலாய் அசைத்தது. அவ்வங்கியாளர்கள் நீதிமேல் பசிதாகம் கொண்டு இதைச் செய்யவில்லை. தம் பணத்துக்கு அஞ்சிச் செய்தனர். 1986 அக்டோபரில் அமெரிக்கப் பேரவை, குடியரசுத் தலைவர் ரீகனின் தடுப்பாணையை மீறி விரிவான தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. அதே மாதத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் வெளியேற்றத்தை அறிவித்தது. வெளியேற்றம் என்பது ஆலையை உள்ளூர் மேலாளர்க்கு விற்று, ஊர்திகள் தொடர்ந்து உருவாக இடம் தந்ததே. போர்ட் எலிசபெத்தில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். வெளியேறுவதை எதிர்த்தன்று, எங்களைக் கேளாமல், எங்களுக்குரிய பணத்தைத் தீர்க்காமல் எங்ஙனம் கைமாறலாம் என்று கேட்டு. வெளியேற்றத்திலும் அவர்கள் செயப்படுபொருளாகவே வைக்கப்பட்டனர். கோடக் நிறுவனம் மட்டும் தன் பொருள்களின் விற்பனையையும் நிறுத்திவிட்டு வெளியேறியது.

இவ்விடத்தில் நம் நாட்டின் செயலொன்றை ஒப்பிட்டு நோக்கலாம். 1860 நவம்பர் 16இல் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்னும் கப்பல் 342 ஒப்பந்தக் கூலிகளோடு டர்பன் துறையை அடைந்தது. அவர்களுள் தமிழர் பலர். அவர்களுடைய வழித்தோன்றல்களின் நில உரிமையைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1946இல் தென்னாப்பிரிக்காவில் இயற்றப்பட்டது. அப்போது அந்நாட்டு இந்தியரின் காங்கிரசு தானே கூடித் தீர்மானித்து, வணிகத் தடை உட்பட்ட நடவடிக்கைகளைக் கோரி இந்தியாவுக்குத் தூதுக்குழு அனுப்பியது. இந்தியா அவ்வாண்டிலேயே தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை நிறுத்தியது. உலகில் அவ்வாறு செய்த முதல் நாடு அதுவே. விடுதலைக்கு ஓராண்டு முன், வறுமையின் நடுவில், சாக்கு முதலிய பொருள்களுக்கு நல்ல சந்தையை இந்தியா இழந்தது. அதனால் அச்சட்டம் உடனே நீங்கவில்லை; தடை 1993வரை நீடித்தது. பலனை மட்டும் அளவுகோலாக்கினால் அதனைத் தோல்வி எனலாம். ஆனால் அங்கே எழுவாய் மாறவில்லை: துன்புற்றோர் கேட்டனர், கேட்கப்பட்டவர் இழப்பை ஏற்றனர். இவ்விரண்டையும் சலிவனின் முதல் ஆவணத்தில் நாம் தேடிக் காணவில்லை.

இலங்கையைப் பொறுத்தும் இக்கேள்வி எழுகிறது. சிவில், அரசியல் உரிமைகள், சித்திரவதைத் தடுப்பு, சிறுவர் உரிமை ஆகியன பற்றிய மூன்று பன்னாட்டு உடன்படிக்கைகளை நடைமுறைப்படுத்தத் தவறியமைக்காக, ஐரோப்பிய ஒன்றியம் ஜி.எஸ்.பி. பிளஸ் என்னும் வரிச்சலுகையை 2010 ஆகஸ்டு 15 முதல் நிறுத்தி, 2017 மே மாதத்தில் மீண்டும் வழங்கிற்று. 2021 ஜூனில் ஐரோப்பிய நாடாளுமன்றம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைச் சுட்டி, அச்சலுகையைத் திரும்பப் பெறுவது குறித்து ஆராயுமாறு மீண்டும் கேட்டது. சலிவனின் ஆவணத்தைவிட இவ்வேற்பாடு ஒரு வகையில் சிறந்தது. ஆலை உணவறையை விடுத்து அரசின் சட்டத்தையே பெயர் சொல்லிக் குறிக்கிறது. ஆயினும் சுமை முதலில் இறங்குவது கட்டுநாயக்க போன்ற வலயங்களில் தைக்கும் இளம் பெண்கள்மேல். அவர்கள் துன்பத்தை அரசு தன் வாதமாக்கியது. ஆலை உரிமையாளரும் தம் வாதமாக்கினர். அப்பெண்களும், அச்சட்டத்தின்கீழ் விசாரணையின்றி அடைபட்டோரின் தாய்மாரும் ஒரே அறையில் அமர்ந்து, எவ்வளவு இழப்பை, எத்தனை காலத்துக்கு, எதற்காக ஏற்கலாம் என்று பேசும் இடத்தைப் பிரசல்ஸோ கொழும்போ அமைத்துத் தரப் போவதில்லை. இரு சாராரையும் தம் ஆராதனையில் காணும் சபைகள் அத்தீவில் உள்ளன.

சலிவன் 1999இல், தம் மறைவுக்கு ஈராண்டு முன், ஐக்கிய நாடுகள் அவையில் கோபி அன்னானோடு நின்று 'உலகளாவிய சலிவன் நெறிமுறைகள்' என்னும் புதிய ஆவணத்தை வெளியிட்டார். மனித உரிமை, சம வாய்ப்பு, தொழிலாளர் ஒன்றுகூடும் உரிமை ஆகியன அதில் உள்ளன. அவ்வகையில் முதல் ஆவணத்தைவிட அது விரிந்தது. நிறுவனங்கள் பல விரைந்து கையொப்பமிட்டன. அதில் எழுவாய் மீண்டும் நிறுவனமே. கெடு எதுவும் அதில் குறிக்கப்படவில்லை.